தளும்பாதது

ஏலக்காரன் மூன்றாம் தரம் சொல்லுமுன்
கையைத் தூக்கிவிட்டேன்.
ஷானவன் ஊரே திரும்பிப் பார்த்தது.
மருந்துக்கடை அம்மாளுக்கு எதற்கு
கொர்னீலியஸ் ஃப்ரீசனின் துப்பாக்கி?
உரிமம் இருக்கிறது என்றேன்.
ஆசையைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

நூறு வயது தாண்டிய மார்லின்.
நெம்புகோலை இறக்கி ஏற்றினால்
எண்ணெயிட்ட தையல் மெஷின்.
கூடவே ஒரு புகையிலை டப்பா,
அதற்குள் பதினெட்டு தோட்டாக்கள்,
ஒரு பென்சில் நோட்டு.

இருபத்தைந்து-இருபது என்கிற ரகம்.
சுண்டுவிரல் நீளம்கூட வராது.
கடையில் கேட்டால் சிரிப்பார்கள்;
சுட்ட கூட்டையே கழுவித் துடைத்து
மறுபடி நிரப்பிக்கொள்ள வேண்டும்.
கூட்டின் கழுத்து வெங்காயச் சருகு,
ஈயத்தை இம்மி கோணலாய் அழுத்தினால்
மடங்கிப்போகும்.
குழாய்க்குள் வரிசையாய்ப் படுக்கிறபோது
பின்னதன் மூக்கு முன்னதன் பிரைமரில் முட்டும்.
அதனால்தான் மூக்கெல்லாம் மழுங்கல்.
கூர்மையாய் இருந்தால் ஒரு குலுக்கலில்
குழாயே பேசிவிடும்.

கிரெயினில் நிறுக்கிறார்கள்.
எனக்கொன்றும் புதிதில்லை:
ஆஸ்பிரின் முந்நூற்று இருபத்தைந்து மில்லிகிராம்
பழைய கணக்கில் ஐந்து கிரெயின்.
நிறுப்பதும் மருந்துதான்.
நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல்.

நோட்டின் முதல் பக்கங்களில்
எழுத்து பூசணி விதை.
மேல்காற்று. அறுபது தப்படி. கோஃபர் இரண்டு.
போகப் போகக் கடுகு.
பிறகு கண்ணாடி போட்டும் படிக்க முடியாத
ஏதோ.
எந்த மாதம் சிறுத்தது என்று எனக்குத் தெரியும்.
அந்த மாதம்தான் அவருடைய லெவோடோபாவை
நாளுக்கு மூன்றிலிருந்து ஐந்தாக
நான் எண்ணிக் கொடுத்தேன்.

அடுத்தவர் நிரப்பியதைச் சுடாதே.
இந்த விளையாட்டில் பலருக்கு
பத்து விரலும் இருப்பது இதனால்தான்.
சுடவில்லை. காதோரம் வைத்துக் குலுக்கினேன்.
பதினேழு, சரசரவென்று, ரகசியம் சொல்லின.
ஒன்று சொல்லவில்லை.
நிறைகுடம், என்று நினைத்தேன்.

பிளாஸ்டிக் சுத்தியலில் செருகி
கட்டையில் தட்டினால் ஈயம் கழன்று வரும்.
ஒவ்வொன்றாய்த் தட்டி, கொட்டி, நிறுத்தேன்.
பதினேழும் ஒரே எடை.
பத்தில் ஒரு கிரெயின் பிசகவில்லை,
அந்தக் கையால்.
பதினெட்டாவதில்
பிரைமர் இருந்தது, ஈயம் இருந்தது,
நடுவே காற்று.
சுட்டிருந்தால் ஈயம் பாதிக் குழலில் நின்றிருக்கும்.
தெரியாமல் நெம்புகோலை இழுத்து
அடுத்ததை விட்டிருந்தால்,
சரி, அது வேண்டாம்.

வியாழனன்று ஆகத்தா ஃப்ரீசன் வந்தாள்,
ரத்த அழுத்த மாத்திரைக்கு.
பையில் எதையோ தேடுவதுபோல் கேட்டாள்:
அவர் போட்டு வைத்ததெல்லாம் சரியாக இருந்ததா?
கடைசியில் நிலவறையில் இரண்டு விளக்கை ஏற்றிக்கொண்டு
உட்கார்ந்திருப்பார்.
நான் படியில் இறங்கினாலே பிடிக்காது.

எல்லாம் ஒரே எடை, என்றேன்.
பதினேழைப் பற்றி
நான் பொய் சொல்லவில்லை.

அந்தக் கூட்டைத் தூக்கிப்போடவில்லை.
ஞாயிறன்று என் மருந்தை நிறுத்து இட்டு,
விளக்கொளியில் உள்ளே எட்டிப் பார்த்து,
அவருடைய ஈயத்தையே அமுக்கினேன்.
ஜல்லிக் குழி மேட்டில் தக்காளி டப்பா,
அறுபது தப்படி, அவர் கணக்கே.
பட்டது. இடப்பக்கம், கொஞ்சம் கீழே.
கழுத்து விரியவில்லை.
நோட்டில், அந்த மணல் எழுத்துக்கு அடியில்
தேதியை மட்டும் எழுதினேன்,
கொஞ்சம் பெரிதாக.

திங்கட்கிழமை ஒரு சீட்டு, முப்பது மாத்திரை.
ஐந்தைந்தாய்த் தள்ளி எண்ணினேன்.
மூடியைத் திருகினேன்.
பிறகு, வரிசையில் நாலு பேர் நிற்க,
குப்பியைக் காதோரம் கொண்டுபோய்க்
குலுக்கிப் பார்த்தேன்.